தமிழ் நாளிதழ்களின் உரிமையாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கோத்தகிரியிலிருந்து ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய தமிழ் நாளிதழ் உரிமையாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நீலகிரி மாவட்டம் கோத்தகிரியில் செய்தித்தாள் முகவராகத் தொழில் செய்துவரும் நான், உங்கள் இணையதளங்களிலும் மின்னிதழ்களிலும் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிவரும் கட்டணச் சுவர்களை, அதாவது பணம் கட்டினால்தான் செய்தி திறக்கும் என்ற ஏற்பாட்டைப் பற்றி இந்த மடலை எழுதுகிறேன். அச்சிட்ட தாள் விற்றால்தான் எனக்குக் கமிஷன் என்பதால், இணையத்துக்கு எதிராக வழக்காட வந்திருப்பவன் என்று என்னை நீங்கள் எண்ணக்கூடும். இணையத்தில் செய்தி படிப்பவரும் காசு கொடுத்தே படிக்க வேண்டும் என்பதில் உங்களோடு எனக்கு முழு உடன்பாடு உண்டு. அந்தக் காசை எந்தச் செய்திக்காகக் கேட்கிறீர்கள், யார் வழியாகக் கேட்கிறீர்கள் என்ற இரண்டு இடங்களில்தான் உங்களிடம் மாறுபடுகிறேன்.

உங்கள் நெருக்கடி எங்களுக்குத் தெரியாததல்ல. 2019ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் அச்சுக் காகிதத்தின் மீது 10 சதவீத சுங்க வரி விழுந்தது. அடுத்த ஆண்டு அது 5 சதவீதமாகக் குறைந்தபோது கொரோனா வந்து விளம்பரங்களைத் துடைத்துப் போட்டது. அதிலிருந்து எழுவதற்குள் 2022இல் உக்ரைன் போர் மூண்டு காகித விலையை மீண்டும் ஏற்றிவிட்டது. வாசகர் கொடுக்கும் விலை ஒரு பிரதியை அச்சடித்து மலை ஏற்றி அனுப்பும் செலவுக்குக்கூடக் காணாது என்பதும், மீதியை நகைக்கடை, ஜவுளிக்கடை, மனை விற்பனை விளம்பரங்களே இத்தனை காலம் ஈடுகட்டின என்பதும் முகவர்கள் அனைவரும் அறிந்த கணக்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து குஞ்சப்பனை வழியாக வேன் வந்து பேப்பர் கட்டை இறக்கும்போது, அதைத் தூக்கிப் பார்த்தாலே அந்த வாரம் விளம்பரம் எப்படி என்று கை சொல்லிவிடும். ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் வந்தால் இணைப்பு செருகவே தனியாக ஆள் வைக்க வேண்டியிருந்த காலம் போய்விட்டது. அந்த விளம்பரங்கள் இப்போது கூகுளிலும் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் ஓடுகின்றன.

இது உலகம் முழுவதும் நடந்த கதைதான். அமெரிக்க நாளிதழ்களின் விளம்பர வருவாய் 2005இல் ஏறத்தாழ 4,900 கோடி டாலராக இருந்தது. 2020இல் 1,000 கோடி டாலருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆண்டில்தான் அங்கே முதன்முறையாக வாசகர் தரும் பணம் விளம்பரப் பணத்தை விஞ்சியது. வாசகர் பணம் பெருகியதால் வந்த மாற்றம் அன்று அது. விளம்பரம் அந்த அளவுக்குச் சரிந்ததால் வந்தது. ஆகவே கட்டணச் சுவரைப் பற்றிப் பேசும்போது, அது புதிதாகக் கொண்டுவந்த பணம் எவ்வளவு, போன பணத்தில் அது எவ்வளவை ஈடு செய்தது என்ற இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கட்டணச் சுவர் என்றாலே எல்லோரும் நியூயார்க் டைம்ஸைக் காட்டுகிறார்கள். அந்த இதழ் 2005இல் கட்டுரையாளர்களின் பத்திகளை மட்டும் பூட்டிவைத்துப் பார்த்தது. இரண்டே ஆண்டுகளில் அதைக் கைவிட்டது. பிறகு 2011 மார்ச் மாதம் வேறு முறையைக் கையாண்டது. மாதம் 20 கட்டுரைகள் வரை யாரும் இலவசமாகப் படிக்கலாம், அதற்கு மேல் படிக்கச் சந்தா கட்ட வேண்டும் என்றது. அடுத்த ஆண்டு அதை 10 ஆக்கியது. 2012இலேயே இதழ் விற்பனையும் சந்தாவும் தந்த வருவாய் அதன் விளம்பர வருவாயைத் தாண்டியது. 2024 முடிவில் அதன் சந்தாதாரர்கள் 1 கோடியே 10 லட்சத்துக்கும் மேல். ஆனால், உலகெங்கும் நிருபர்களை வைத்திருக்கும் ஓர் ஆங்கில இதழுக்கு, டாலரில் சம்பாதிப்போர் கொடுத்த பணம் அது என்பதையும், அந்தச் சந்தாவில் சமையல் குறிப்புகளும் சொல் விளையாட்டுகளும் விளையாட்டுச் செய்தித் தளமும் சேர்ந்திருக்கின்றன என்பதையும் மறந்துவிட்டு அந்த எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொள்வது நமக்குப் பயன் தராது.

நமக்குப் பாடமாகக் கொள்ளத்தக்கது இலண்டனில் நடந்தது என்பேன். ஒரே நிறுவனம் நடத்தும் இரண்டு நாளிதழ்களில், தி டைம்ஸ் 2010 ஜூலையில், பணம் கட்டாதவர் எதையும் படிக்க முடியாத முழுச் சுவர் எழுப்பியது. வந்துகொண்டிருந்த இணைய வாசகர்களில் மிகப் பெரும்பாலோர் திரும்பிப் போனார்கள். இருந்தாலும் மீதமிருந்தவர்கள் பணம் கட்டினார்கள், சில ஆண்டுகளில் அந்த இதழ் நட்டத்திலிருந்து மீண்டது. அதே நிறுவனத்தின் தி சன் 2013 ஆகஸ்டில் சுவர் எழுப்பி, 2015 நவம்பரில் அதை இடித்துவிட்டது. முதலாளி ஒருவர், ஊர் ஒன்று, முறையும் ஏறத்தாழ ஒன்று. வேறுபாடு செய்தியில்தான்: வேறிடத்தில் கிடைக்காத ஒன்று டைம்ஸில் இருந்தது. சன் தந்த பரபரப்புச் செய்தியும் நட்சத்திரங்களின் கதையும் நூறு இடங்களில் இலவசமாகக் கிடைத்தன. அமெரிக்க உள்ளூர் நாளிதழ்கள் மூன்றைப் பற்றி 2013இல் வெளியான ஆய்வொன்றில், சுவர் எழுந்ததும் இணைய வருகை 51 சதவீதம் குறைந்ததாகவும், இளையோரிடம் அந்தச் சரிவு இன்னும் கடுமையாக இருந்ததாகவும் கண்டறிந்தார்கள். ஹார்வர்டு வணிகப் பள்ளியிலிருந்து வந்த மற்றோர் ஆய்வு, கட்டணச் சுவரால் மொத்த விற்பனை வருவாயில் ஏற்பட்ட விளைவு, இதழுக்கு இதழ், 24 சதவீத இழப்பிலிருந்து 24 சதவீத ஆதாயம் வரை வேறுபட்டதாகக் காட்டுகிறது. தனக்கே உரிய செய்தி மிகுதியாக வைத்திருந்த இதழ்களே ஆதாயம் கண்டன. டொராண்டோ ஸ்டார் 2013இல் எழுப்பிய சுவரை 2015இல் அகற்றியது. சான் பிரான்சிஸ்கோ குரோனிக்கிள் சில மாதங்களிலேயே அகற்றியது.

இனி எங்கள் ஊரில் நடப்பதைச் சொல்கிறேன். அண்மையில் ஒரு காலை நேரம், சோலூர்மட்டம் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயி ஒருவர் கடை முன் நின்று கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருந்தார். பச்சைத் தேயிலைக்குத் தேயிலை வாரியம் அறிவித்த அந்த மாதத்து விலையைப் பற்றிய செய்தி. தலைப்பு தெரிந்தது, மூன்று வரி தெரிந்தது, அதற்குக் கீழே எல்லாம் மங்கலாகி, ஆண்டுச் சந்தா கட்டச் சொல்லி ஒரு பெட்டி வந்து நின்றது. அவரிடம் கிரெடிட் கார்டு இல்லை. மாதாமாதம் தானாகக் கழியும் ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொள்ள அவருக்கு மனமும் இல்லை. இலை போட்ட பணம் தொழிற்சாலையிலிருந்து எந்தத் தேதியில் வரும் என்று தெரியாதவர், குறிப்பிட்ட தேதியில் கணக்கில் இருந்து பணம் போகட்டும் என்று எப்படிக் கையெழுத்திடுவார்? என்னிடம் அவர் கேட்டது இதுதான்: "அண்ணா, மாசம் பேப்பர் பில்லோட இதையும் சேத்துக்குங்க, குடுத்துடறேன்." அப்படிச் சேர்த்துக்கொள்ள எனக்கு வழியில்லை. அன்று மாலைக்குள் அதே செய்தியின் படம் யாரோ எடுத்து அனுப்பி அவருடைய வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது.

பணம் கொடுக்கத் தயாராக நின்ற ஒருவரை இலவசமாகப் படிப்பவராக மாற்றி அனுப்பியிருக்கிறோம். உங்கள் கணினியில் இந்த இழப்பு எந்தக் கட்டத்திலும் பதிவாகாது; ஒருவர் வந்தார், போனார் என்று மட்டுமே காட்டும்.

மின்னிதழை முழுவதுமாகப் பிடிஎஃப் கோப்பாக்கிக் குழுக்களில் சுற்றவிடுவது குற்றம்தான். தைனிக் ஜாக்ரண் என்ற இந்தி நாளிதழின் நிறுவனம் தொடுத்த வழக்கில் 2020 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றம் டெலிகிராம் சேனல்களை நீக்கச் சொல்லி ஆணையிட்டதும் சரியே. ஆனால் நீதிமன்ற ஆணையால் ஒரு சேனலை மூடலாம். கட்ட விரும்பியும் கட்ட வழியில்லாமல் நிற்கும் வாசகருக்கு அது வழி திறந்துவிடாது.

நம் நாட்டு நாளிதழ் வாசகர் இருநூறு ஆண்டுகளாகப் பழகியிருப்பது கையில் காசு கொடுத்து வாங்கும் முறைக்கு. மாதம் முடிந்து முதல் வாரத்தில் பில் போகும். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் மறுபடி போவோம். ஊருக்குப் போய் பத்து நாள் இல்லையென்றால் கழித்துக்கொடுப்போம். பசுந்தேயிலை விலை விழுந்த மாதங்களில் அடுத்த மாதம் சேர்த்து வாங்கிக்கொள்வோம். கட்டபெட்டு, நெடுகுளா, அரவேணு, கீழ் கோத்தகிரி என்று எந்த வீட்டில் யார் படிக்கிறார், யாருடைய மகன் பெங்களூரில் இருக்கிறார், எந்த வீட்டில் இப்போது கண் பார்வை மங்கிய பெரியவருக்குப் பேத்தி படித்துக்காட்டுகிறார் என்பதெல்லாம் முகவருக்குத் தெரியும். இந்த வசூல் வலையை உருவாக்க உங்களுக்குப் பல தலைமுறைகள் ஆயின. அதை அப்படியே விட்டுவிட்டு, ஆப் ஸ்டோருக்குக் கமிஷன் கொடுத்து, முன்பின் தெரியாத வாசகரைப் பிடிக்க விளம்பரத்துக்கும் செலவு செய்கிறீர்கள்.

என் கோரிக்கை எளியது. அச்சு இதழுக்குச் சந்தா கட்டும் வீட்டுக்கு இணையத்தைச் சேர்த்தே கொடுங்கள். அதற்கான சிறு கூடுதல் தொகையை மாத பில்லில் நாங்கள் வசூலித்துத் தருகிறோம். இணையம் மட்டும் போதும் என்பவருக்கு ஒரு மாதம், மூன்று மாதம் என்று சீட்டாக விற்க எங்களிடம் கொடுங்கள். கைப்பேசிக்கு ரீசார்ஜ் செய்வதைப் போல ஒரு எண்ணை அடித்தால் திறக்கட்டும். விற்றதற்கு ஏற்ற கமிஷன் எங்களுக்கு வந்தால், பேப்பர் போடும் பையன்களுக்கும் அதில் பங்கு போகும். முகவர் தன் கையாலேயே உங்கள் இணையத்தை விற்பார். நியூயார்க் டைம்ஸ் வெற்றியைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு செய்தி உண்டு: வீட்டுக்கு இதழ் வரவழைப்போருக்கு இணையம் தொடக்கத்திலிருந்தே இலவசம், அதனாலேயே அச்சுச் சந்தாவை நிறுத்த நினைத்தவர்கள் பலர் நிறுத்தாமல் இருந்தார்கள். சுவர் அச்சைத் தாங்கிப் பிடித்தது என்று ஆய்வாளர்களும் எழுதியிருக்கிறார்கள். இங்கே சில இதழ்களில், பல ஆண்டுகளாகத் தவறாமல் பேப்பர் வாங்கும் வீட்டுக்காரர் கைப்பேசியில் அதே செய்தியைத் திறந்தால் அவரிடமே மறுபடி சந்தா கேட்கிறார்கள். அதை அவர் அவமதிப்பாகவே எடுத்துக்கொள்கிறார், அது நியாயமும்கூட.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன்: எந்தச் செய்திக்குக் காசு? பிரதமர் பேசியதையும், முதல்வர் அறிவித்ததையும், கிரிக்கெட் முடிவையும், நடிகரின் திருமணத்தையும் சுவருக்குப் பின்னால் வைத்து யாரும் விற்க முடியாது. அவை தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருக்கின்றன. நீலகிரியில் ஒருவர் காசு கொடுத்துப் படிக்கும் செய்தி எது என்று என்னைக் கேளுங்கள். குன்னூர் ஏலத்தில் இந்த வாரம் தேயிலைத் தூள் என்ன விலைக்குப் போனது, வாரியம் அறிவித்த விலையைத் தராத தொழிற்சாலைகள் மீது என்ன நடவடிக்கை, மேட்டுப்பாளையம் மண்டியில் உருளைக்கிழங்கும் கேரட்டும் பூண்டும் ஏன் இறங்கின, பரம்பரை நிலவுடைமையாளர்களான ஜென்மிகளிடம் கூடலூர் நிலங்கள் இருந்த முறை 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பிறகும் அந்தச் சட்டத்தின் பிரிவு 17இல் வரும் நிலத்தில் வாழும் குடும்பங்களுக்கு இன்றுவரை முடிவு வராதது ஏன், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கே போவார்கள் — இவையெல்லாம் எந்தச் செயலியும் தானாகத் திரட்டித் தராத செய்திகள். ஆள் நடந்து போய், அலுவலகத்தில் காத்திருந்து, தோட்டத்தில் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டியவை.

வெளியூர் வாகனங்கள் மலைக்கு வர இணையத்தில் வாங்க வேண்டிய இபாஸ் என்ற அனுமதிச் சீட்டு விவகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இபாஸ் வந்தது; 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வந்தது. இந்த எண்களை எல்லா இதழ்களும் ஒரே நாளில் ஒரே சொற்களில் வெளியிட்டன. அந்த வரம்பு வந்தபின் இங்குள்ள டாக்ஸி ஓட்டுநருக்கும் விடுதிப் பணியாளருக்கும் காய்கறி ஏற்றிச் செல்பவருக்கும் என்ன ஆனது என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதிய கட்டுரை, என் கண்ணில் பட்ட வரை, மிகக் குறைவு. வாசகர் சந்தா கட்டியிருந்தால் அந்தக் கட்டுரைக்காகத்தான் கட்டியிருப்பார்.

அதை எழுத வேண்டியவர்களின் நிலை உங்களுக்குத் தெரியும். மலையில் உங்களுக்காக எழுதும் நிருபர்களில் பலர் பகுதிநேரத்தினர். அச்சாகும் செய்தியின் அளவுக்குத் தகுந்தபடி பணம் பெறுபவர்கள், பெட்ரோல் செலவைக் கையிலிருந்து போடுபவர்கள், விளம்பரமும் பிடித்துத் தர வேண்டிய கட்டாயத்தில் இருப்பவர்கள். விளம்பரம் கேட்டுப் போகும் இடத்திலேயே அடுத்த வாரம் அவர் கேள்வி கேட்பார் என்று எதிர்பார்க்க முடியாது. கோவைப் பதிப்பில் நீலகிரிக்கென்று வரும் இடம் சுருங்கிக்கொண்டே போவதை, தாளைப் பிரித்து அடுக்கும் எங்களை விட நெருக்கமாகப் பார்ப்பவர்கள் இல்லை. செடியே வைக்காத தோட்டத்துக்குக் கம்பி வேலி போட்டு என்ன பயன்? இணையச் சந்தாவிலிருந்து வரும் பணத்தில் ஒரு பகுதியை அந்தந்த மாவட்டத்துச் செய்திக்கென ஒதுக்கி, அதை வாசகரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். கோத்தகிரியில் இருநூறு பேர் சந்தா சேர்ந்தால் இங்கே ஒரு முழுநேர நிருபர் என்று அறிவித்துப் பாருங்கள். அந்த இருநூறு பேரைச் சேர்த்துத் தரும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இணையச் செய்திக்குப் பணம் கொடுப்போர் வளமான நாடுகளிலேயே சராசரியாக 17 சதவீத அளவில்தான் இருக்கிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் ஆய்வு நிறுவனத்தின் ஆண்டறிக்கை சொல்லிவருகிறது. ஆனால் நார்வேயில் அது ஏறத்தாழ 40 சதவீதம். அங்கே சிறு ஊர்களின் இதழ்கள்தாம் இதில் முன்னே நிற்கின்றன, ஒரே சந்தாவில் பல ஊர் இதழ்களைப் படிக்கும் ஏற்பாடும் உண்டு. ஸ்லோவாக்கியா என்ற சிறிய நாட்டில் 2011இல் ஒன்பது பதிப்பாளர்கள் கூடி, மாதம் 2.90 யூரோவுக்கு எல்லோருடைய தளங்களையும் படிக்கும் ஒரு பொதுச் சந்தாவைக் கொண்டுவந்தார்கள். சிறிய மொழி, சிறிய சந்தை என்பதால் தனித்தனியாகச் சுவர் எழுப்பினால் வாசகர் ஒவ்வொரு சுவரிலும் முட்டிக்கொண்டு திரும்பிவிடுவார் என்று அவர்கள் கண்டார்கள். எங்கள் ஊர் டீக்கடையில் மூன்று நாளிதழ்கள் பிரிந்து தாள் தாளாகக் கைமாறும். ஒன்றை மட்டும் படித்து நிறுத்தும் பழக்கம் தமிழ் வாசகருக்கு இல்லை. நீங்கள் போட்டியாளர்கள் என்பது தெரியும். ஆனாலும் உங்கள் கட்டுகள் பல இரவுகளில் ஒரே வேனில்தான் மலையேறி வருகின்றன.

பூட்டவே கூடாத சிலவும் உண்டு. 2009 நவம்பரில் நிலச்சரிவுகள் இந்த மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய நாட்களில் வேன் வராது, கட்டும் வராது. கைப்பேசி ஒன்றே வழி. எந்தச் சாலை மூடியிருக்கிறது, எந்தப் பள்ளிக்கு விடுமுறை, எந்த ஊருக்குள் யானை நிற்கிறது, எங்கே முகாம் திறந்திருக்கிறது என்ற செய்தியைச் சுவருக்குப் பின்னால் வைத்தால், அந்த இடத்தை வதந்தி எடுத்துக்கொள்ளும். கொரோனா பரவியபோது உலகின் பெரிய இதழ்கள் பலவும் நோய் பற்றிய செய்திகளைத் திறந்துவிட்டன. மலை மாவட்டங்களுக்கு மழைக்காலம் முழுவதும் அந்த ஏற்பாடு நிரந்தரமாக இருக்க வேண்டும், ஆசிரியரின் அனுமதிக்குக் காத்திராமல் தானாகத் திறக்க வேண்டும்.

வரியைப் பற்றியும் ஒரு சொல். அச்சிட்ட நாளிதழுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதே செய்தியை இணையத்தில் படிக்கக் கட்டும் சந்தாவுக்கு 18 சதவீதம். வாசகர் 100 ரூபாய் கொடுத்தால் 15 ரூபாய்க்கு மேல் வரியாகவே போய்விடுகிறது. பிரிட்டன் 2020 மே 1 முதல் மின்னிதழ்களுக்கான வரியை நீக்கிவிட்டது. தாளுக்கு வரி இல்லை என்பதற்கு என்ன காரணமோ அதே காரணம் திரைக்கும் பொருந்தும். இதை நீங்கள் எல்லோரும் சேர்ந்து கேளுங்கள்; முகவர்களும் வாசகர்களும் கையெழுத்திட்டு உடன் நிற்போம்.

இந்த நிதியாண்டு முடிவதற்குள் கோவையில் மலை மாவட்ட முகவர்களை அழைத்து ஒரு கூட்டம் நடத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். விற்பனைப் பிரிவு மேலாளர்களோடு, இணையப் பிரிவைப் பார்ப்பவர்களும் கோவைப் பதிப்பு ஆசிரியர்களும் அதில் உட்கார வேண்டும். மாத பில்லில் இணையச் சந்தாவைச் சேர்ப்பது, முகவர் விற்கும் சீட்டு, அச்சுச் சந்தாதாரருக்கு இணையத்தைத் திறந்துவிடுவது ஆகிய மூன்றையும் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் ஆகிய மூன்று ஊர்களில் ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். வசூல் கணக்கை மாதம் தவறாமல் அனுப்பிவைக்கும் பொறுப்பு எங்களுடையது.

இப்படிக்கு,
கோத்தகிரி செய்தித்தாள் முகவர் ஒருவர்